அக்காவுக்கு, போனில் சொல்லாதது

அன்புள்ள அக்கா,

நீ கேட்கும்போதெல்லாம் "எல்லாம் நார்மல்" என்றே சொல்லி வந்தேன். நார்மல் இல்லை. போனில் சொன்னால் என் குரல் உடையும், நீ அழுவாய், பக்கத்தில் அம்மா இருப்பாள், அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

இரட்டை என்று சொன்னேன் அல்லவா, இரண்டும் பெண். ஒரே கரு பிரிந்து உண்டானவர்கள், இருவருக்கும் சேர்த்து ஒரே நஞ்சுக்கொடி. அப்படி இருந்தால் 16 வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்ப்பார்கள். ஏனென்றால் அந்த ஒரே நஞ்சுக்கொடியில் இரண்டு பேருடைய ரத்தக் குழாய்களும் பின்னிக் கிடக்கும், இந்த மாதிரி இரட்டைகளில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு ஒருத்தியின் ரத்தம் இன்னொருத்திக்குப் போக ஆரம்பித்துவிடும். கொடுக்கிறவளைச் சுற்றி இருக்கும் பனிநீர் வற்றிப்போய் அந்தப் பையின் சவ்வு அவள் மேலேயே ஒட்டிக்கொள்ளும். வாங்குகிறவள் பாடு லாபம் என்று நினைக்காதே, அத்தனை ரத்தத்தையும் தள்ளித் தள்ளி அவள் இதயம் களைத்துவிடும்.

இந்த ஊர் மொழி எனக்குக் கடையில், பஸ்ஸில் சமாளிக்கும் அளவுக்குத்தான் வருகிறது. டாக்டர் பேசும் வேகத்துக்கு வராது. அதனால் மேசையில் போனை ஸ்பீக்கரில் போட்டு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவார்கள், எங்கேயோ உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத தமிழ்க்காரர். "ஒருவர் தானம் கொடுப்பவர், மற்றவர் பெறுபவர்" என்று பத்திரம் வாசிப்பது போல வாசித்தார். அப்புறம் டாக்டர் நீளமாக ஏதோ சொன்னார், போனில் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா, ஒரு நிமிஷம் இருங்க" என்றார். சொல் தெரியாமல் அவர் நிற்கவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

வெளியே வந்து கோட்டுப் பட்டனைத் தப்பான ஓட்டையில் மாட்டிக்கொண்டு நின்றேன். எதிரே உட்கார்ந்திருந்த ஒருத்தி எழுந்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல், மேலிருந்து கீழ்வரை எல்லாவற்றையும் கழற்றித் திரும்பச் சரியாகப் போட்டுவிட்டாள். அவள் பெயரை எழுதவில்லை, எழுதலாமா என்று அவளிடம் கேட்கவில்லை. அவளும் வேறு நாட்டிலிருந்து வந்தவள். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருப்பது இந்த ஊர் மொழியின் நூறு வார்த்தைதான்.

அவளுக்கு அப்போது 20 வாரம். ஸ்கேனில் சந்தேகம், வயிற்றில் ஊசி போட்டுப் பனிநீர் எடுத்திருந்தார்கள், முதல் ரிசல்ட்டுக்கு மூன்று நாள். அந்த மூன்று நாளும் சாயங்காலம் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். நான்கு மணிக்கே இருட்டிவிடும், விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்போம். ரிசல்ட் வந்தது. 18-வது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. பாதிக்கு மேல் வயிற்றிலேயே போய்விடும், உயிரோடு பிறந்தாலும் முதல் பிறந்தநாளைத் தாண்டுவது நூற்றில் ஐந்து முதல் பத்து. அந்த ஐந்து பத்துதான் அவளைப் படுத்தியது. ஒரு வாரத்தில் மூன்று முறை மனசு மாறினாள். நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று என்னைக் கேட்டாள். நல்லவேளை எனக்கு மொழி போதவில்லை.

22 வாரத்தில் மருந்து கொடுத்து வலி வரவழைத்துப் பிரசவம் பார்த்தார்கள். பெண். அட்டையில் மையொற்றிய பாதம் இரண்டு, என் கட்டைவிரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அந்த நீளம்கூட இல்லை. மூன்றாம் நாள் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. அதை நிறுத்த மாத்திரை இருக்கிறது, முதல் நாளே கொடுத்திருக்கலாம், யாரும் முன்னால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஈரத்துணியை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து எடுத்துக் கொடுத்தேன். என் வயிறு அவள் கண்ணில் படாமல் பெரிய ஸ்வெட்டராகப் பார்த்துப் போட்டுக்கொள்வேன். அவள் அதைக் கண்டுபிடித்துச் சிரித்தாள்.

எனக்கு 20 வாரத்தில் லேசர். வயிற்றில் சின்னத் துளை போட்டு மெல்லிய கேமராக் குழாயை விட்டு, அந்தப் பின்னிக்கிடக்கும் குழாய்களைச் சுட்டுப் பிரிப்பார்கள். முழு மயக்கம் இல்லை, மரப்பு ஊசிதான், திரையில் எல்லாம் தெரிந்தது, ஒரு கை வந்து வெளிச்சத்தைத் தொட்டது. இவர் இந்த வாசலில், அவள் அந்த வாசலில். பிள்ளையை இழந்து பத்து நாள் ஆனவள், அதே ஆஸ்பத்திரிக்கு எனக்காக வந்து உட்கார்ந்திருந்தாள்.

முந்தின ராத்திரி முழுக்கப் படித்தேன். 2004-ல் வந்த ஐரோப்பிய ஆய்வு ஒன்றில், லேசர் செய்தவர்களில் 76 சதவீதம் பேருக்குக் "குறைந்தது ஒரு குழந்தையாவது" தங்கியது என்று இருந்தது. நல்ல எண்தான். மறுநாள் ஸ்கேனில் கொடுத்துக்கொண்டே இருந்தவளுக்குத் துடிப்பு இல்லை. லேசரில் பிரித்துவிட்டதால் மற்றவளின் ரத்தம் அந்தப் பக்கம் வடியவில்லை, அவள் பிழைத்தாள். இப்போது 29 வாரம். இரண்டு பேரும் உள்ளேதான் இருக்கிறார்கள் அக்கா. எடுக்க மாட்டார்கள், பிரசவம் வரை அப்படியே.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். அவள் பார்க்க வந்தபோது, "உனக்காவது கையில் ஒரு ரிசல்ட் இருந்தது, நீயாக முடிவெடுத்தாய், எனக்கு அதுவும் இல்லை" என்றேன். அதற்கு மட்டும் மொழி எப்படிப் போதியதோ தெரியவில்லை. எழுந்து போய்விட்டாள். பதினொரு நாள் ஒரு மெசேஜ் இல்லை. பன்னிரண்டாம் நாள் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள், அவள் மொழியிலும் அந்த "ஆவது" இருக்கிறதாம். "வயசாவது இருக்கிறது", "முன்னாடியாவது தெரிந்தது" என்று அவள் மாமியாரிலிருந்து நர்ஸ் வரை எல்லாரும் சொல்லிவிட்டார்களாம், நான் ஒருத்திதான் பாக்கியாம். நான் மன்னிப்புக் கேட்டேன். சரி, உள்ளே வரட்டுமா, குளிர்கிறது என்றாள்.

பிரசவ அறைக்குள் வரமாட்டாளாம், வெளியே இருப்பாளாம். அவளால் முடிந்தது அவ்வளவு.

அம்மாவுக்கு நீதான் சொல்ல வேண்டும். "ஒன்றாவது தங்கியதே" என்று அவள் சொல்வாள், வேறு என்ன சொல்வாள் பாவம், ஆனால் என்னிடம் போனில் சொல்ல விடாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். இவர் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குவார், மெதுவாகத்தான் பேசுவேன், காதில் விழவில்லை என்று கத்தாதே.

உன் தங்கை