ஒரே சிப்புல எல்லாம் வந்துட்டா மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நம்ம பேப்பர்ல கம்மி விலை லேப்டாப் பத்தி எழுதியிருந்தீங்க, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா எல்லாமே ஒரே சிப்புக்குள்ள வந்துட்டதால இனி கவலையே வேண்டாம்னு ஒரு வரி போட்டிருந்தீங்க பாருங்க, அதை மட்டும் என்னால ஒத்துக்க முடியல. 1997-லேர்ந்து கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்றவன் நான். விலையைக் குறைக்கறேன்னு எதை உள்ளே சேக்குறாங்க, எதைத் தூக்குறாங்கங்கறதுலதான் விஷயமே இருக்கு.

நான் தொழிலுக்கு வந்த வருஷம்தான் சைரிக்ஸ் கம்பெனி மீடியாஜிஎக்ஸ்னு ஒரு பிராசசர் கொண்டு வந்தாங்க. ஸ்க்ரீன்ல படம் காட்டற கிராஃபிக்ஸ், ரேமை நடத்தற மெமரி கன்ட்ரோலர் ரெண்டும் பிராசசருக்குள்ளேயே, சவுண்டு வேலையையும் பெரும்பாலும் அது தலையிலதான் கட்டினாங்க. போர்டு செலவு குறைஞ்சுது, அதை வெச்சுத்தான் காம்பேக் பிரசாரியோ 2100 கம்ப்யூட்டர் அமெரிக்காவுல 999 டாலருக்கு வந்துச்சு. ஆனா எல்2 கேஷ், அதாவது பிராசசர் அடிக்கடி கேக்கறதைப் பக்கத்துலேயே வெச்சிருக்கற சின்ன வேக மெமரி, கிடையாது, ஸ்க்ரீனுக்கு வேண்டிய மெமரியும் மெயின் ரேம்லேர்ந்துதான் போகும்.

இன்டெல் போன வழி வேற. 1998 ஏப்ரல்ல அவங்களோட கம்மி விலை பிராசசரான செலரான் முதல்ல வந்தப்போ, விலை கூடின பென்டியம் 2-ல இருந்த 512 கேபி எல்2 கேஷை அப்படியே எடுத்துட்டாங்க. கேஷ்ங்கறது அடுப்புப் பக்கத்துல இருக்கற அஞ்சறைப்பெட்டி மாதிரி, அது இல்லேன்னா கடுகுக்கும் சீரகத்துக்கும் ஒவ்வொரு தடவையும் ஸ்டோர் ரூமுக்கு ஓடணும், அப்புறம் 266 மெகாஹெர்ட்ஸ் வேகம் இருந்து என்ன பிரயோஜனம்? அதே வருஷம் ஆகஸ்ட்ல செலரான் 300ஏ வந்துச்சு. கேஷ் 128 கேபிதான், ஆனா பிராசசர் சில்லுக்குள்ளேயே, பிராசசரோட அதே வேகத்துல. பென்டியம் 2-ல 512 இருந்தும் அது தனிச் சிப்பா பக்கத்துல உக்காந்து பாதி வேகத்துலதான் ஓடும். நானே போர்டுல பஸ்ஸை, அதாவது பிராசசரும் ரேமும் பேசிக்கற பாதையோட வேகத்தை, 66 மெகாஹெர்ட்ஸ்லேர்ந்து 100-க்கு மாத்தி, 300-ல ஓட வேண்டிய 300ஏ-வை 450-ல ஓட விட்டிருக்கேன், ராத்திரி பூரா நிக்காம ஓடிச்சு, காலையில சூட்டை இழுக்கற ஹீட்சிங்க்கைத் தொட்டா கை வெச்சிருக்கலாம், அவ்வளவு சூடுதான். சேத்தா இப்படிச் சேக்கணும்.

சேக்காம விட்டாலும் தப்பாகும். 2008-ல இன்டெல்லோட ஆட்டம் 230ங்கற பிராசசர் வந்தப்போ அது 4 வாட்தான், கிராஃபிக்ஸையும் மெமரியையும் பாத்துக்கக் கூட வந்த 945ஜிசி சிப்செட்ங்கற தனிச் சிப் அதைவிடப் பல மடங்கு கரண்ட் தின்னுச்சு. இன்டெல்லோட சொந்த போர்டுலேயே ஃபேன் சிப்செட் மேல இருந்துச்சு, பிராசசருக்கு வெறும் ஹீட்சிங்க்தான்! அடுத்த ஆட்டம்ல கிராஃபிக்ஸையும் மெமரி கன்ட்ரோலரையும் உள்ளே கொண்டு வந்தப்புறம்தான் அந்தத் தொல்லை விட்டுச்சு. அதுக்காக உள்ளே வெச்சா எல்லாம் சரியாயிடும்னும் இல்ல, ஆர்டிரேம்ங்கற விலை கூடின மெமரியை நம்பி இன்டெல் டிசைன் பண்ண டிம்னாங்கற பிராசசர் 2000-ல கடைக்கே வராம நின்னுபோச்சு.

இப்போ என் கடைக்கு வர்றதைச் சொல்றேன். போன மாசம் ஒரு அப்பா மகளோட காலேஜ் லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்தாரு, 4 ஜிபி ரேம், இன்னொரு 4 போட்டுக் குடுங்க தம்பின்னாரு. பின்னாடி மூடியைக் கழட்டினேன், ஸ்லாட்டே இல்ல, ரேம் போர்டோட சால்டர் பண்ணியிருக்கு. அந்த நாலுலேர்ந்தே கிராஃபிக்ஸுக்கும் ஒரு பங்கு போகுது, ரெண்டு டேப் திறந்தா சுத்துது. மீடியாஜிஎக்ஸ் காலத்துலயும் ஸ்க்ரீன் மெயின் ரேம்லேர்ந்துதான் எடுத்துச்சு, ஆனா பத்தலேன்னா இன்னொரு ஸ்டிக் வாங்கிச் சொருகிடுவோம். வாங்கும்போது இதை யாருமே சொல்லலியேன்னு அவர் கேட்டப்போ என்கிட்ட பதில் இல்ல.

அதனால அடுத்த தடவை விலைப் பட்டியல் போடும்போது ரேமைக் கூட்ட முடியுமா முடியாதான்னு ஒரு கட்டம் சேத்துப் போடுங்க சார், பிராசசர் பேருக்குப் பக்கத்துலேயே.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர்,
திருச்சி