டிசம்பர் 10 வீண் சடங்கா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் இதழில் வந்த கட்டுரையில், "மனித உரிமை நாள் கொண்டாடினால் ஏழைக்கு ஒரு வேளை சோறு கிடைத்துவிடுமா?" என்று ஒரு வரி. அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் பத்திரிகையில் இப்படி ஒன்றைப் படித்தது மனசை அறுக்கிறது ஐயா.

சோறும் அந்த உரிமையில் சேர்ந்ததுதான். 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் ஐ.நா. ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் 25-வது பிரிவில் உணவு, உடை, வீடு, மருத்துவம் எல்லாம் இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

நான் எண்ணூர்க்காரன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் படிந்தது. மச்சானின் வலை தார் பூசியதுபோல ஆகிவிட்டது. மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தும் போகவில்லை, அறுத்துப் போட்டோம். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் அமோனியா வாயு கசிந்தது. அம்மாவின் முகத்தில் ஈரத் துண்டைப் போட்டு மூடி, இருட்டில் இழுத்துக்கொண்டு ஓடினேன். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிரகடனத்தின் 75-வது ஆண்டு நிறைவு வந்து போனது. எங்கள் பக்கம் ஒரு கூட்டம் இல்லை, ஒரு நோட்டீஸ் இல்லை. அப்புறம் நிவாரணம் வாங்கப் போன பெண்கள் அதிகாரியைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். உரிமை பறிபோனால் நீதிமன்றத்தில் பரிகாரம் கேட்கலாம் என்று 8-வது பிரிவு சொல்வதை யார் அவர்களுக்கு எடுத்துச் சொன்னார்கள்? வருஷத்தில் ஒரு நாளாவது ஊரைக் கூட்டி அதை வாசிக்க வேண்டாமா?

இன்னொன்றும் பல வருஷமாக நெஞ்சில் கிடக்கிறது. வடசென்னை என்றால் உங்கள் பத்திரிகையில் வெட்டு, குத்து, கஞ்சா. முகவரியில் வியாசர்பாடி என்று பார்த்ததும் என் தங்கை மகனுக்கு வேலை இல்லை என்று அனுப்பினார்கள். அதைப் பற்றி ஒரு பத்தி வந்ததில்லை. பெரம்பூர் பி அண்ட் சி துணி மில் தொழிலாளர்கள் 1918-லேயே சங்கம் கண்டவர்கள். திரு.வி.க. அவர்களோடு நின்றார். 1921 வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச்சூட்டையும் பார்த்தார்கள். அந்த மண்ணிலிருந்து எழுதுகிறேன்.

வரும் டிசம்பர் 10 இதழில் 30 பிரிவுகளையும் தமிழில், வயசானவர்கள் படிக்கும் அளவு எழுத்தில், ஒரே பக்கத்தில் போடுங்கள். எங்கள் தெருப் படிப்பகத்தின் பலகையில் ஒட்டிக்கொள்கிறோம். அன்றைக்கு விளம்பரம் அதிகம், இடமில்லை என்றால் அந்த வார ஞாயிறு இதழில் வந்தாலும் சரி.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
எண்ணூர், சென்னை-57