பெர்த் வெய்ல் அம்மாவுக்கு, ரீயூனியனிலிருந்து

அன்புள்ள பெர்த் வெய்ல் அம்மாவுக்கு,

வணக்கம். நான் புதுச்சேரியிலிருந்து வாழ்க்கைப்பட்டு இந்தியப் பெருங்கடலில் பிரான்சைச் சேர்ந்த இந்த ரீயூனியன் தீவுக்கு வந்தவள். சேன் தெனியில் எங்கள் வீட்டுப் பக்கம் லெயோன் தியர்க்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. ஓவிய வியாபாரி அம்புருவாஸ் வோலாரின் தம்பி 1947இல் கொடுத்த படங்கள் அங்கேதான் இருக்கின்றன. வோலார் பிறந்தது இந்த ஊரில். சேன் பியரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கே அவர் பெயர். அவர் பாரீசில் ஓவியம் விற்ற காலத்திலேயே அங்கே ஓவியக் கடை போட்ட உங்கள் பெயரை மட்டும் இங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

உங்கள் கதையில் என்னை முதலில் பிடித்து நிறுத்தியது சீர்ப்பணம். உங்கள் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த பணத்தைப் போட்டு 1901இல் பாரீசின் மோன்மார்த்ர் பகுதியில் கடை திறந்தீர்கள். கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. எங்கள் குடும்பங்களில் அந்தப் பணம் இன்னொரு வீட்டுக்குப் போவதைத்தான் பார்த்து வளர்ந்தேன். ஒரு பெண் அதைத் தன் பெயரில் ஒரு கதவாக்கித் திறந்தாள் என்று படித்த அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

கடை சின்னது. சுவரில் இடம் போதாமல், ஈரம் காயாத படங்களைக் கயிறு கட்டி, துணிக்குப் போடுகிற கிளிப்பை மாட்டித் தொங்கவிட்டீர்களாமே! எங்கள் கொல்லையில் துணி காயப்போடும்போதெல்லாம் அந்தக் கொடியில் ஓவியர் மத்தீசின் படம் ஆடுவது போலத் தெரிகிறது.

கடை திறப்பதற்கு முந்தைய வருடமே, 19 வயதுப் பிக்காசோவின் காளைச் சண்டைப் படங்கள் மூன்றை 100 பிராங்குக்கு வாங்கி 150க்கு விற்றீர்கள். பாரீசில் அவர் படங்களுக்குக் கிடைத்த முதல் விற்பனை அது. அப்புறம் பெயர் வந்ததும் அவரைப் போன்ற இளம் ஓவியர்கள் பெரிய வியாபாரிகளிடம் போய்விட்டார்கள். நீங்கள் ஒப்பந்தம் போட்டு யாரையும் கட்டிவைக்கவில்லை, அடுத்த இளைஞரைத் தேடினீர்கள். சுசான் வாலாதோன், எமிலி ஷார்மி என்று பெண் ஓவியர்களின் படங்களையும் தொடர்ந்து மாட்டினீர்கள். இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1917இல் ஓவியர் மோதிக்லியானியின் நிர்வாணப் படங்களை வைத்தபோது, எதிரே இருந்த போலீஸ் நிலையத்திலிருந்து ஆள் வந்து கழற்றச் சொன்னார்கள். மோதிக்லியானியின் மனம் உடையக்கூடாதென்று சில படங்களை நீங்களே வாங்கிக்கொண்டீர்கள். 2015இல் அவருடைய நிர்வாணப் படம் ஒன்று நியூயார்க் ஏலத்தில் 17 கோடி டாலருக்கும் மேல் போனது.

உங்களுக்கு மிஞ்சியது வறுமை. யூதர் என்பதால் போர்க்காலத்தில் கடையை மூட வேண்டியதாயிற்று. ஆனால் 1946இல் ஓவியர்களும் வியாபாரிகளும் 80 படங்கள் போலக் கொடுத்து, ஏலம் விட்டு, அந்தப் பணத்தை உங்கள் கையில் சேர்த்தார்களே, அதைப் படித்து அழுதுவிட்டேன்.

என் மகளுக்கு வயது 12, ஓயாமல் வரைவாள். அடுத்த விடுமுறையில் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய், வோலார் படங்களின் முன்னால் நிறுத்தி, உங்கள் கிளிப் கதையைச் சொல்லப் போகிறேன்.

அன்புடன்,
சேன் தெனியிலிருந்து ஒரு தமிழ்ப் பெண்