'ராஜா இரண்டு கட்டம் நகரும்' என்று எழுதாதீர்கள்

கொழும்பில் பாடசாலைச் சதுரங்கக் கழகங்களையும் வார இறுதிப் போட்டிகளையும் நடத்தும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

செஸ்960, கிரேசிஹவுஸ் போன்ற, விதி மாற்றிய சதுரங்க ஆட்டங்களைப் போட்டியில் சேர்ப்பது நல்ல விடயம். ஆனால் விதித்தாளை 'மற்றவை வழக்கமான விதிப்படி' என்று முடித்துவிடாதீர்கள். தகராறு கிளம்புவதே அந்த வரியில்தான். பழைய விதியும் புது விதியும் முட்டினால் எது செல்லும் என்று அது சொல்வதில்லை.

பொபி ஃபிஷர் 1996இல் அறிவித்த செஸ்960ஐ எடுங்கள். தொடக்கத்தில் பின்வரிசைக் காய்கள் 960 விதங்களில் ஒன்றாக அமையும்: பிஷப்புகள் வேறு வேறு நிறக் கட்டங்களில், ராஜா இரு கோட்டைகளுக்கும் நடுவில். பழக்கதோஷத்தில் காஸ்லிங்குக்கு (ராஜாவும் ஒரு கோட்டையும் ஒரே நகர்வில் இடம்பெயர்வது) 'ராஜா இரண்டு கட்டம் நகரும்' என்று எழுதினால் என்ன ஆகும்? வெள்ளை ராஜா எஃப்1இலும் (எழுத்து நெடுவரிசை, இலக்கம் கிடைவரிசை) கோட்டை அடுத்த கட்டமான ஜீ1இலும் நின்றால், இரண்டும் இடம் மாறிக்கொள்வதுதான் காஸ்லிங். ஆகவே சேரும் கட்டத்தை எழுதுங்கள். எச் பக்கமானால் ராஜா ஜீ1, கோட்டை எஃப்1. ஏ பக்கமானால் ராஜா சீ1, கோட்டை டீ1. கறுப்புக்கு இவையே எட்டாம் வரிசையில். இரண்டும் கடக்கும், சேரும் கட்டங்களில் வேறு காய் இருக்கக்கூடாது. ராஜா நிற்கும், கடக்கும், சேரும் கட்டம் எதுவும் தாக்கப்படக்கூடாது.

கையால் செய்யும் ஒழுங்கையும் எழுத வேண்டும். ராஜா எஃப்1, கோட்டை எச்1 என்றால், ராஜாவை ஜீ1இல் வைத்தது வெறும் நகர்வா காஸ்லிங்கா என்று நடுவர் ஊகிக்க முடியாது. 'காஸ்லிங்' என்று சொல்லி, ராஜாவைப் பலகைக்கு வெளியே வைத்து, கோட்டையை நகர்த்தி, பிறகு ராஜாவை வைத்து மணிக்கூட்டை அழுத்தட்டும்.

கிரேசிஹவுஸில் எதிராளியிடம் பிடித்த காயைத் தன் காயாகப் பலகையில் இறக்கலாம். அது நிறம் மாறி இறங்குவதால் பலகைக்கு இரண்டு செட் தேவை. சிப்பாயை முதலாம், எட்டாம் வரிசைகளில் இறக்கக்கூடாது. ராணியாக உயர்ந்த சிப்பாய் பிடிபட்டால் சிப்பாயாகவே எதிராளி கைக்குப் போகும். ஆனால் இருபது நகர்வு கழிந்தபின் எது உயர்ந்த ராணி என்று யாருக்கு நினைவிருக்கும்? உயர்ந்த உடனேயே அதில் ஒரு றப்பர் வளையம் மாட்டச் சொல்லுங்கள். இறக்கிய சிப்பாயால் மேட் கொடுப்பது ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியில் தடை, இங்கே செல்லும். அதையும் எழுதுங்கள்.

மூன்று முறை செக் கொடுத்தால் வெல்லும் 'மூன்று செக்' ஆட்டத்தில், இரு காய்கள் ஒரே நேரத்தில் கொடுக்கும் இரட்டைச் செக் ஒன்றா, இரண்டா? ஒன்றாக எண்ணுவதே எங்கள் பரிந்துரை. எல்லாக் காயையும் இழப்பவர் வெல்லும் ஆட்டத்தில் நகர வழியில்லாதவர் வென்றவர் என்பது ஒரு முறை. குறைந்த காய் உள்ளவர் வென்றவர் என்பது இன்னொரு முறை. எதுவென்றாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பெயர்களிலும் கவனம் வேண்டும். ஒருவருக்குக் கோட்டை, மற்றவருக்கு யானை. 'மந்திரி' சிலருக்குப் பிஷப், சிலருக்கு ராணி. தாளின் தலைப்பில் ஆறு காய்களின் படத்தையும் பெயரோடு போடுங்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலத் தாள்களில் விதி இலக்கங்கள் ஒன்றாக இருக்கட்டும். முரண்பட்டால் எந்த மொழித் தாள் செல்லும் என்பதும் அதில் இருக்கட்டும்.

அச்சடிக்குமுன், அந்த ஆட்டத்தை ஆடியே இராத இரண்டு பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்து ஆடவிடுங்கள். வாய் திறந்து விளக்காதீர்கள். அவர்கள் கேட்கும் கேள்வி ஒவ்வொன்றையும் குறித்து, தாளில் சேர்த்தபின் அச்சுக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கொழும்பில் சதுரங்கம் கற்பிப்போரும் நடுவர்களும்