நிரலில் மேற்கோள் குறியை வளைக்காதீர்கள்

சென்னையில் கணினிப் புத்தகங்கள் வெளியிடும் பதிப்பாளர்களுக்கும், பக்கம் கட்டும் டிடிபி நண்பர்களுக்கும், மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கும்

வணக்கம்.

வியாசர்பாடியில் என் வீட்டு மாடியில் மாலை நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பைத்தான் என்ற நிரல் மொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் தமிழ் வழியில் படிப்பவர்கள். தமிழில் நிரலாக்கப் புத்தகம் ஒன்று வந்தால் உடனே வாங்கிவிடுவேன். ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போனாலும் முதலில் தேடுவது அதைத்தான். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

போன மாதம் பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி அப்படி ஒரு புத்தகத்தின் மின்பதிப்பிலிருந்து முதல் நிரலை எடுத்துக் கைபேசியில் ஒட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறாள். ‘வணக்கம்’ என்று திரையில் காட்டச் சொல்லும் ஒரே வரி. ஓடவில்லை. மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டிவிட்டு என்னிடம் வந்தாள். “மிஸ், புக்ல இருக்கறத அப்படியேதான் போட்டேன். எனக்கு இதெல்லாம் வராது போல” என்றாள். அவள் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. சொல்லைச் சுற்றி நேராக நிற்க வேண்டிய " என்ற குறி, புத்தகத்தில் “ ” என்று வளைந்திருந்தது. அவ்வளவுதான் பிழை. அவள் கைபேசியின் சின்னத் திரையில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

நம் கண்ணுக்கு இரண்டும் மேற்கோள் குறிதான். கணினிக்கு அவை வேறு வேறு எழுத்துகள். நேர் இரட்டைக் குறியின் எண் 34. வளைந்தவற்றின் யூனிகோடு எண்கள் 8220, 8221. நேர் ஒற்றைக் குறி 39, வளைந்தவை 8216, 8217. ‘ல’ வர வேண்டிய இடத்தில் ‘ள’ வந்தால் நீங்கள் விடுவீர்களா? இதுவும் அதே போன்ற பிழைதான். பைத்தானாவது எந்த எழுத்து தவறு என்று காட்டுகிறது. சி மொழி நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் ஜிசிசி மென்பொருளின் பழைய பதிப்பில் ஓட்டினால், ஒரு வளைந்த குறிக்கு 342, 200, 234 என்ற எண்களோடு மூன்று பிழைச்செய்திகள் வரும். யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் அந்தக் குறி மூன்று பைட்டுகளாக இருப்பதுதான் காரணம்; அந்த எண்கள் அந்தப் பைட்டுகளை எட்டின் அடிமானத்தில் எழுதியவை. புதிதாகப் படிக்கும் பிள்ளை அதைப் பார்த்து என்ன புரிந்துகொள்ளும்?

நேர்க் குறி அழகில்லை என்பது எனக்கும் தெரியும். தட்டச்சுப் பொறியில் விசையை மிச்சம்பிடிக்கத் திறக்கும் குறியையும் மூடும் குறியையும் ஒன்றாக்கினார்கள். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையாக 1963இல் வந்த ஆஸ்கி அதையே எடுத்துக்கொண்டது, நிரல் மொழிகள் அதன் மேல் வளர்ந்தன. கட்டுரையிலும் கதையிலும் நீங்கள் குறியை வளைப்பதுதான் சரி. இந்த மடலிலும் பேச்சை வளைந்த குறிக்குள்தான் வைத்திருக்கிறேன். நிரலில் அது நிறுத்தற்குறி கிடையாது, மொழியின் உறுப்பு.

இதைவிட என்னை வருத்துவது இன்னொன்று. விசைப்பலகையின் இடது மேல் மூலையில் ` என்று ஒரு குறி இருக்கிறது, எண் 96. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் அட்டவணையின் பெயரை அதற்குள்ளும், சொல்லாக வரும் மதிப்பை ' என்ற நேர் ஒற்றைக் குறிக்குள்ளும் எழுதுகிறோம். கட்டளைகளைத் தட்டும் லினக்ஸ் ஷெல்லில் ` குறிகளுக்குள் ‘டேட்’ கட்டளையை எழுதித் திரையில் காட்டச் சொன்னால் இன்றைய தேதி வரும். ' குறிகளுக்குள் எழுதினால் ‘டேட்’ என்ற சொல்லே வரும். பிழைச்செய்தி எதுவும் வராது. அச்சில் இரண்டையும் வளைத்துவிட்டால் தாளைப் பார்த்துக் கையால் தட்டும் பிள்ளை எதை அழுத்துவது என்று எப்படி முடிவு செய்யும்? வெட்டி ஒட்டுபவர்களுக்கு மட்டும்தானே இந்தச் சிக்கல் என்று ஒரு பதிப்பாளர் என்னிடம் சொன்னார். இல்லை ஐயா.

யாரையும் குற்றம் சொல்ல எழுதவில்லை. யூனிகோடுக்கு முந்தைய பழைய தமிழ் எழுத்துருவில் நிரல் தவறி விழுந்தால் ஆங்கில எழுத்தெல்லாம் தமிழாகிவிடும், பார்த்த உடனே தெரியும். குறி வளைந்தால் அப்படித் தெரியாது. அதிலும் நேர்க் குறியைப் பார்த்து அக்கறையோடு வளைத்துத் திருத்திய மெய்ப்பாளரை எனக்குத் தெரியும். அவர் தன் வேலையைத்தான் செய்தார். நிரலைத் தொட வேண்டாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

பெரும்பாலும் வளைப்பது மென்பொருள்தான். வேர்டில் தட்டும்போதே குறியை மாற்றும் வசதி இயல்பாகவே இயங்குகிறது. ஆட்டோகரெக்ட் விருப்பங்களில் அதை அணைத்துவிட்டு, நிரல் பகுதியில் மட்டும் " என்பதைத் தேடி " என்றே மாற்றச் சொன்னால் எல்லாம் நிமிர்ந்துவிடும். அணைக்காமல் செய்தால் எல்லாம் வளையும், கவனம். பக்கம் கட்டும் இன்டிசைன் மென்பொருளில் இரண்டு இடம் பார்க்க வேண்டும்: விருப்பங்களில் ‘டைப்’ பகுதியில் ஒன்று, வேர்டு கோப்பை உள்ளே கொண்டுவரும்போது திறக்கும் பெட்டியில் இன்னொன்று. முதலாவதை மட்டும் அணைத்துவிட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

கட்டளைகளை எழுதிப் பக்கம் கட்டும் லேடெக் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்குச் சிக்கல் வேறு விதம். லேடெக்குக்கு அடிப்படையான டெக்கை எழுதிய டொனால்ட் நூத் உருவாக்கிய தட்டச்சு எழுத்துருவில் 39ஆம் இடத்திலும் 96ஆம் இடத்திலும் வளைந்த ஒற்றைக் குறிகளே இருக்கின்றன. அதனால் இரட்டைக் குறி நேராக வரும், ஒற்றைக் குறி வளையும். பாதி சரியாக இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. நிரலை அச்சிட உதவும் ‘லிஸ்டிங்ஸ்’ தொகுப்பில் ‘அப்கோட்’ விருப்பத்தை இயக்கினால் போதும். எழுதியதை அப்படியே காட்டும் ‘வெர்பேட்டிம்’ சூழலுக்கு ‘அப்கோட்’ என்ற பெயரிலேயே தனித் தொகுப்பு இருக்கிறது. தமிழ் எழுத்துருவுக்காக, யூனிகோடு எழுத்துருக்களை ஏற்கும் சீடெக் பயன்படுத்துபவர்கள், நிரலுக்கான சம அகல எழுத்துருவில் குறிகளைத் தானாக மாற்றும் ‘டெக் லிகேச்சர்’ வசதி இயங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது இயங்கினால் இரட்டைக் குறியும் வளைந்துவிடும்.

இத்தனை செய்த பிறகும், அச்சுக்குப் போகும் கடைசி பிடிஎஃப்பிலிருந்து ஒவ்வொரு நிரலையும் எடுத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஆசிரியர் அனுப்பிய மூலக் கோப்பை ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை, அது முதலிலிருந்தே சரியாகத்தான் இருக்கும். இரு கழித்தல் குறிகள் ஒரு நீளக் கோடாக மாறியிருப்பதும், வரி முன்னால் விட்ட இடைவெளி காணாமல் போயிருப்பதும் அப்போதே பிடிபடும்.

அந்தப் பெண் இப்போது வகுப்புக்கு ஒழுங்காக வருகிறாள். அந்தப் புத்தகத்தின் அச்சுப் பிரதியில் வளைந்த குறி ஒவ்வொன்றையும் பென்சிலால் நேராக்கி வைத்திருக்கிறாள். உங்களில் யாராவது அடுத்த பதிப்புக்கு முன் நிரல் பக்கங்களை மட்டும் எங்களுக்கு அனுப்புவதாக இருந்தால், அவளும் நானும் மற்ற பிள்ளைகளும் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்து, எந்தப் பக்கம், எந்த வரி என்று குறித்துத் தருகிறோம். பணம் எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
வியாசர்பாடி மாலை வகுப்பு ஆசிரியை