கமிட்டி மாற்றம்: கணக்கு ஒப்படைப்பு

சபையாருக்கு ஸ்தோத்திரம். புது கமிட்டி முதலில் வங்கி வேலையை முடிக்கட்டும். கமிட்டித் தீர்மான நகல், புதியவர்களின் ஆதார், பான், போட்டோ தேவைப்படும். பழைய பொருளாளரின் கையெழுத்து அதிகாரத்தை நீக்குவதாகத் தீர்மானத்தில் தனி வரி எழுதுங்கள்; பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். அவர் கொடுத்த செக்குகள் பாஸாகுமுன் கையெழுத்தை மாற்றினால் அவை திரும்பிவரலாம், அபராதமும் விழலாம். ரசீது புத்தகத்தின் கடைசி எண்ணைக் குறித்து, காணிக்கைப் பெட்டிச் சாவியை இருவர் முன்னிலையில் வாங்குங்கள்.

புது கமிட்டியின் முடிவுகளுக்கு முணுமுணுப்பு வரும், வரட்டும். வேதாகமத்தில் அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் கிரேக்கர் தரப்பு விதவைகளுக்குப் பந்தியில் குறை வந்தபோது, அதைக் கவனிக்கச் சபை தெரிந்தெடுத்த ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்கள்தான்; குறைசொன்ன தரப்பிலிருந்தே ஆள் எடுத்ததாகத் தெரிகிறது. அப்படியே, ஆராதனை நேர மாற்றத்தில் முதுநகர் பக்கத்தவருக்கு பஸ் பிரச்சினை என்றால், நேரம் குறிக்கும் குழுவில் அவர்களையே போடுங்கள்.