சிவப்புப் பழத்துக்குத் தனி விலை கொடுப்போம்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கோப்பித்தூள் அரைத்து விற்கும் அண்ணன்மாருக்கும் நானாமாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம், ஸலாம்.

நானும் உங்களில் ஒருவன். அப்பா விட்டுச்சென்ற ஒரு பெரிய தாச்சியும் ஓர் அரவை இயந்திரமும்தான் என் தொழில். கடந்த மாரியில் ஒரு தரகரிடம் இரண்டு மூட்டை கோப்பிக்கொட்டை எடுத்தேன். சாக்கின் வாயில் கிடந்தது நல்ல கொட்டை. கடைக்குக் கொண்டுவந்து சுளகில் கொட்டிப் புடைத்தபோதுதான் அடியில் இருந்தது தெரிந்தது: கறுத்தது, பூச்சி துளைத்தது, பிஞ்சிலே பறித்ததால் சுருங்கிப்போனது. ஒரு பிடி அள்ளி வறுத்தேன். முற்றிய கொட்டைகள் நிறம் மாறி வெடிக்கத் தொடங்கிய பிறகும் பிஞ்சுக் கொட்டைகள் வெளிறியபடியே கிடந்தன. அவற்றில் ஒன்றைக் கடித்தால் கச்சான் கோதின் சுவை. தரகர் மேல் வந்த கோபத்தோடு, விளைகிற இடத்தையே பார்த்துவிட்டு வருவோம் என்று பதுளை மாவட்டத்து லுணுகலைக்குப் புறப்பட்டேன். திரும்பி வரும்போது அந்தக் கோபம் நம் எல்லோர் மேலும் இருந்தது.

லுணுகலைக்கு மேலே ஒரு வீட்டு வளவு. அரை ஏக்கர்கூட வராது. பலா, அதில் ஏறிய மிளகுக்கொடி, கீழே நிழலில் பதினைந்து இருபது கோப்பி மரங்கள். எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா, ஒரு கிளையை வளைத்துப் பிடித்து நுனிவரை ஒரே இழுப்பாக உருவினார். கூடைக்குள் பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் ஒன்றாக விழுந்தன. “ஏனம்மா, பழுக்கும்வரை விடக்கூடாதா?” என்று கேட்டேன். “பச்சைக்கும் சிவப்புக்கும் ஒரே விலைதானே, தம்பி. சிவக்கும்வரை காத்திருந்தால் பாதியை மரநாய் தின்றுவிடும். எனக்கு என்ன மிச்சம்?” என்றார். கூடையில் இருந்த ஒரு சிவப்புப் பழத்தைப் பிதுக்கி என் கையில் வைத்தார். வழவழவென்ற இரண்டு கொட்டைகள். விரலை நக்கிப் பார்த்தேன், இனித்தது. அந்தப் பழமும் பிஞ்சோடு பிஞ்சாக ஒரே சாக்கில்தான் போகப்போகிறது. அந்தச் சாக்கைத்தான் நாம் வாங்குகிறோம், விலை குறைவு என்று மகிழ்கிறோம்.

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா, கரடியனாறு என்று இறங்கிச் செங்கலடிக்கு வருகிற தெருவில் நீங்கள் எத்தனையோ முறை போயிருப்பீர்கள். அந்தத் தெருவுக்கு மேலே மலையில் இருக்கிறது மடுல்சீமை. கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொடியாகப் படியும் துருநோய் இலங்கையில் முதலில் கண்டறியப்பட்டது அங்கேதான், 1869இல். அப்போது உலகில் அதிகம் கோப்பி ஏற்றுமதி செய்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. 1870களில் ஏறத்தாழ 2,75,000 ஏக்கரில் கோப்பி நின்றது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அது அழிந்து, அந்த மலைகளில் தேயிலை ஏறியது.

கோப்பிக்காகக் காடு வெட்ட வந்தவர்கள் நம் மொழி பேசியவர்கள் என்பதையும் சொல்லவேண்டும். தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே கால்நடையாகக் கண்டி மலைக்குப் போனார்கள். வழியிலேயே காய்ச்சலிலும் பசியிலும் செத்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். மலையகத் தமிழர், தாம் வந்து இருநூறு ஆண்டுகள் என்று 2023இல் நினைவுகூர்ந்தார்களே, அந்த வரலாறு கோப்பித் தோட்டத்தில் தொடங்கியது.

பெருந்தோட்டக் கோப்பி அழிந்தது. ஆனால் வீட்டு வளவுக் கோப்பி அழியவில்லை. மலைநாட்டுச் சிங்களக் கிராமத்தவர் ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே கோப்பிச் செடியை வளவில் வைத்திருந்தார்கள். பூவைக் கோயிலுக்குப் படைத்தார்கள். பின்னாளில் துருநோயைக் கூடுதலாகத் தாங்கும் ரொபஸ்டா என்ற கோப்பி இனம் வந்தது. பலாவுக்கும் மிளகுக்கும் கீழே, யாரும் கணக்கெடுக்காத மரங்களாக, கோப்பி இந்த நாட்டில் உயிரோடு இருப்பது சிறு விவசாயிகளின் கையில்தான். இலங்கைக் கோப்பியை மீட்கவேண்டும் என்று பேசுகிறவர்கள் புதிய பெருந்தோட்டங்களைக் கனவு காண்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இருக்கிற மரத்துக்கு உரிய விலை கிடைத்தாலே அந்த அம்மா இன்னும் பத்துக் கன்று நடுவார்.

நம் கரையோர மண்ணில் கோப்பி சரியாக விளையாது. மாரி முடிந்தால் மாதக்கணக்கில் காய்கிற பூமி இது. ஆனால் குடிப்பது நாம். செத்த வீட்டில் இரவு முழுவதும் கொதிக்கிற கோப்பிக் கிடாரத்தை நினைத்துப் பாருங்கள். காய்ச்சல் என்றால் மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து அம்மா தருகிற கோப்பியை நினைத்துப் பாருங்கள். மல்லி சேர்ப்பது நம் வழக்கம், அதை நான் குறை சொல்லமாட்டேன். வறுத்த அரிசியையும் சோளத்தையும் கலந்து அரைத்துவிட்டு, பொதியில் “சுத்தமான கோப்பித்தூள்” என்று அச்சடிப்பதைத்தான் சொல்கிறேன். நம்மில் யார் யார் செய்கிறோம் என்பது நமக்குத் தெரியும். அதை விட்டுவிடுங்கள் என்று கும்பிட்டுக் கேட்கிறேன். கலப்படத் தூளோடு போட்டி போட்டு எந்தச் சிறு விவசாயியும் பிழைக்க முடியாது.

நான் கேட்பது பெரிய முதலீடு அல்ல. நாலைந்து கடைக்காரர் சேர்ந்தால் ஒரு லொறி போதும். கிராமத்தில் ஓரிடத்தில் நின்று, சிவப்புப் பழத்தைத் தனியாக நிறுத்து, அதற்குக் கூடுதல் விலையை அந்த இடத்திலேயே கையில் கொடுப்போம். ஒரு கிலோ கொட்டைக்கு ஐந்தாறு கிலோ பழம் வேண்டும். எனவே பழத்தை இங்கே சுமந்து வருவது வீண்செலவு. தோல் உரிக்கும் சிறிய இயந்திரத்தை அங்கேயே வைக்கலாம். நிலத்தில் பரப்பிக் காயவைத்தால் மண்வாடை ஏறும், இடுப்பளவு உயரத்தில் கம்பிவலைத் தட்டு அடித்துக் கொடுக்கலாம். பிறகு பொதியில் அந்த ஊரின் பெயரை அச்சிடுவோம்.

ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தினருக்கும் இந்த மடல் போகிறது. நோய் தாங்கும் கன்றுகளையும் உதவியையும் கொடுக்கும்போது காணி உறுதியை மட்டும் அளவுகோலாக வைக்காதீர்கள். தோட்டக் குடும்பங்களில் பலரிடம் அந்தக் கடதாசி இல்லை, கோப்பி வளர்க்கத் தெரிந்த கை இருக்கிறது.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்குச் செங்கலடிச் சந்தியில் லொறியோடு நிற்பேன். வருகிறவர்கள் தங்கள் தராசையும் கொண்டுவாருங்கள். அந்த அம்மாவிடம், பழுக்கும்வரை ஒரு மரத்தையாவது விட்டுவையுங்கள், நாங்கள் வருவோம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

உங்களில் ஒருவன்,
மட்டக்களப்பிலிருந்து ஒரு கோப்பித்தூள் வியாபாரி